மூலம் அறிந்து வரைக

எழுத்துப் பிழை திருத்துவதிலே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் யான். சித்திரத்திலும் பிழை உண்டு, அதைத் திருத்துவதற்கும் ஒரு நெறி உண்டு என்பதைச் சென்ற தவணையிலேதான் அறிந்துகொண்டேன். அறியச் செய்தவன் என் வகுப்பு மாணாக்கன் ஒருவன். வயது 17. யாப்பிலக்கணம் நடந்துகொண்டிருந்த வேளையிலே, அவன் மேசையின் கீழே கைக்கணினியை வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தான்.

வாங்கிப் பார்த்தேன். செந்நிற முகம், காது வரை நீண்ட இளிப்பு, தலையிலே இறகுகள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துப் பேஸ்போல் அணியின் பழைய சின்னமாம். அதனைத் தன் மனம்போலப் புதுக்குகின்றானாம். ஓர் இறகை மூன்றாக்கி, முகத்துக்கு ஒளியும் நிழலும் ஊட்டியிருந்தான். கோடுகளிலே தயக்கம் இல்லை. “பாடவேளையிலே பொம்மையா?” என்று கடிந்தேன். “இந்தப் படமும் நல்லதன்று” என்றும் சொல்லிவைத்தேன். அவன் பணிவோடு, “ஐயா, இதிலே எது பிழை?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாமையை மறைத்து, “முதலில் அதை மூடி வை” என்றேன். ஆசிரியனொருவன் சொல்லத்தக்க விடைகளுள் அதனினும் இழிந்தது இல்லை.

அன்றிரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றை அவனுக்குச் சொல்லியாயிற்று. நம் வீடுகளிலே பிள்ளைகள் பலரும் இப்பொழுது இவ்வேலையில் ஈடுபட்டிருப்பதால், வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

விளையாட்டு அணிக்கு ஒரு விலங்கையோ வீரனையோ நற்சின்னமாகக் கொள்வது மேலைநாட்டு வழக்கு. அதைக் குறிக்கும் ‘மாஸ்கொற்’ என்னும் சொல்லின் வேர், தென்பிரான்சுப் பேச்சிலே மந்திரக்காரியைக் குறித்ததென்பர். 1880 இல் பாரிசு நகரிலே அரங்கேறிய ஓர் இசைநாடகத்தால் அச்சொல் உலகெங்கும் பரவியது. 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்குக்கு ஒரு நாய் சின்னமாயிற்று. 2011 இல் இலங்கையும் சேர்ந்து நடத்திய உலகக்கிண்ணக் கிரிக்கெட்டுக்கு ஒரு யானைக்குட்டி சின்னமாயிற்று. வில்லும் புலியும் கயலும் கொடியிலே பொறித்த மரபினராகிய நமக்கு இதிலே வியப்பில்லை. வேறுபாடு ஒன்றே. அக்காலத்துக் கொடியைக் குடிமகன் தன் மனம்போலத் திருத்தி எழுதவில்லை. இக்காலத்து இரசிகன் திருத்துகின்றான். கணினித் திரையிலே அடுக்கடுக்காகக் கோடும் வண்ணமும் இட்டு, வேண்டாத அடுக்கை நீக்கி, ஓரிரவிலே புதுச்சின்னம் படைத்து உலகுக்குக் காட்டுகின்றான்.

இதனைப் பொழுதுபோக்கென்று தள்ளுதல் தகாது. நூலொன்றின்மேல் அன்பு கொண்டவன் உரை எழுதுகின்றான்; அணியொன்றின்மேல் அன்பு கொண்டவன் சின்னத்தைப் புதுக்குகின்றான். சின்னம் அணிமுதலாளியின் சொத்தென்பது சட்டம். ஆயினும் அதற்கு உயிர் கொடுப்பவர் இரசிகரே. 2018 இல் பிலடெல்பியாவின் ஐஸ் ஹொக்கி அணி, செம்மஞ்சள் மயிர் அடர்ந்த, விழி பிதுங்கிய ‘கிரிற்றி’ என்னும் உருவத்தை வெளியிட்டபோது பலரும் எள்ளினர். சில நாட்களுள் இரசிகர்கள் அதனை நூறு கோலங்களில் வரைந்து தம்முடையதாக்கிக்கொண்டனர். எவர் முகமும் அல்லாத கற்பனைப் பூதம் அது. அதனை எவ்வாறு வளைத்தாலும் புண்படுவார் இல்லை.

கிளீவ்லாந்துச் சின்னமோ அத்தகையதன்று. அது ஓர் இனத்தாரின் முகம். அவ்வணி 1915 இலே ‘இந்தியன்ஸ்’ எனப் பெயர் கொண்டது. 1947 இல் அதன் உரிமையாளர் பில் வீக் ஒரு சின்னம் வேண்ட, வால்ற்றர் கோல்ட்பாக் என்னும் இளைஞர் வரைந்து கொடுத்தார். அவருக்கும் அப்பொழுது வயது 17. பெரிய மூக்கும் பல் தெரியும் சிரிப்புமாக அமைந்த அவ்வுருவம் 1951 இல் மீண்டும் வரையப்பட்டது. மூக்குச் சிறுத்தது, தோல் செக்கச் சிவந்தது. கோடு திருந்தியது, கேலி திருந்தவில்லை. அமெரிக்கப் பழங்குடி மக்கள் 1972 இல் வழக்குத் தொடர்ந்தார்கள். பின்னர் ஆண்டுதோறும் விளையாட்டரங்கின் வாயிலில் நின்று முறையிட்டார்கள். 2018 ஆம் ஆண்டுப் போட்டிகளின் பின்னரே அம்முகம் சீருடையிலிருந்து நீங்கியது. 2021 ஆம் ஆண்டுப் போட்டிகள் முடிந்தபின் பெயரும் மாறி, அந்நகரத்துப் பாலமொன்றிலே நிற்கும் காவலர் கற்சிலைகளை நினைவூட்டும் ‘கார்டியன்ஸ்’ என்றாயிற்று.

என் மாணாக்கன் கேட்ட வினாவுக்கு இங்கே விடை கிடைக்கின்றது. அவன் செய்ததும் 1951 இல் நிகழ்ந்ததே. பிழைபட்ட பாடத்தை அழகிய கையெழுத்திலே படியெடுத்தான். ஏட்டைப் படியெடுப்போன் கை அழகாயிருக்குந்தோறும் அவன் விட்ட பிழை நீடித்து வாழும். நல்லெழுத்தென்று நம்பி அடுத்தவனும் அதனையே படியெடுப்பான்.

அங்ஙனமாயின் பிறர் மரபைத் தொடவே கூடாதோ? கூடும் என்பதற்கும், எவ்வாறு என்பதற்கும் சியாற்றில் நகரம் ஒரு பாடம் வைத்திருக்கின்றது. அந்நகரத்துச் சீஹாக்ஸ் என்னும் அமெரிக்க உதைபந்தாட்ட அணி 1976 இலே களமிறங்கியது. அதற்கென முதலில் அமைத்த சின்னம், கனடாவின் மேற்குக் கரையிலே வாழும் குவக்வக்காவக்கு மக்களின் முகமூடியொன்றைத் தழுவியதாகக் கருதப்படுகின்றது. அம்முகமூடி, நாட்டின் மறுகோடியிலே மேயின் பல்கலைக்கழகத்து நூதனசாலையில் இருப்பது 2014 இல் தெரியவந்தது. அவ்வாண்டே அது சியாற்றிலுக்குக் காட்சிக்காகக் கொண்டுவரப்பட்டது. அது உருமாறும் முகமூடி. மூடியிருக்கும்போது கொடிய அலகுடைய பறவை. ஆடுவோன் கயிற்றை இழுக்க, பறவை இரண்டாகப் பிளந்து, உள்ளேயிருந்து மனித முகம் தோன்றும். அணியினர் மூடிய பறவையை எடுத்துக்கொண்டார்கள். உள்ளிருந்த மனிதனை விட்டுவிட்டார்கள்.

விட்டுவிட்ட மனிதனின் கதையும் கேட்கத்தக்கது. இம்முகமூடிகள் ஆடிய ‘பொற்லாச்’ என்னும் கொடைவிழாவைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடுத்தது. 1921 இல் விழா நடத்தினோர் சிலர் சிறை சென்றனர். முகமூடிகளும் செப்புப் பட்டயங்களும் பறிக்கப்பட்டுத் தூரத்து நூதனசாலைகளுக்குப் போயின. மீட்கப்பட்டவற்றுட் சிலவற்றைக் காப்பதற்காக அலர்ட் பே என்னும் ஊரிலே 1980 இல் அம்மக்கள் ஒரு பண்பாட்டு நிலையம் திறந்தார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரியக் கண்டவர்களுக்கு இதன் பொருளை யான் விரிக்க வேண்டுவதில்லை.

அக்கரை மக்களின் ஓவியத்துக்கு இலக்கணம் உண்டு. தடித்தும் மெலிந்தும் அறாது ஓடும் கரிய கோடு உருவத்தைச் சமைக்கும். கண்ணுக்கும் மூட்டுக்கும் நீள்வட்டம். இறகுக்கு வளைந்த கிண்ண வடிவம். பில் ஹோம் என்னும் ஆய்வாளர் 1965 இலே இதனை ஆராய்ந்து நூலாக்கினார். அம்மரபிற் பிறந்த ஓவியர் சிலர் இன்று கணினியை எடுத்து, சீஹாக்ஸ் முதலிய அணிகளின் சின்னங்களைத் தம் இலக்கணப்படி மீள வரைகின்றார்கள். பேரங்காடிப் பொருளுக்காக வழுக்கையாக்கப்பட்ட கோடு அவர்கள் கையிலே மீண்டும் தடித்தும் மெலிந்தும் ஓடுகின்றது. அதுவும் இரசிகர் சித்திரமே; அவர்களுள் அவ்வணியை ஆர்வத்தோடு பார்ப்போரும் உளர். ஆயினும் அது பதிப்பாசிரியன் செய்யும் பணி.

அம்மக்களின் விழாவை அரசு தடுத்த அதே 1885 ஆம் ஆண்டிலேதான், நம்மவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சிட்டார். செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, ஐயுற்ற இடத்திலே நின்று தயங்கி அவர் பதிப்பித்தார். தமக்குப் பிடித்த சொல்லை இட்டு நிரப்புவது எளிதாயிருந்திருக்கும். அதனைச் செய்யாமையே அவர் பெருமை. சின்னத்தைப் புதுக்குவோனிடத்தும் யான் வேண்டுவது அத்தயக்கமே.

“விளையாட்டுக்கு வரைவதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று சிலர் கேட்பர். கிரிற்றியை வரைவதற்கு வேண்டாம். வாழும் மக்களின் முகத்தையும் வழிபாட்டுப் பொருளையும் வரைவதற்கு வேண்டும். “இனிக் கையால் வரைவதே வேண்டாம், சொன்னால் இயந்திரம் வரைந்து தரும்” என்பாரும் உளர். மெய்தான். ஒரு வரி எழுதினால் நொடியிலே நாற்பது முகமூடி தரும். அது படிக்காமற் படியெடுப்போன். முன்னே உலவும் படங்களின் பிழையையெல்லாம் ஒன்றாக்கித் தரும். எது பிழையென்று அதனிடம் கேட்கும் மாணாக்கனுக்கு, யான் முதலிற் சொன்னதைவிட நல்ல விடை கிடைக்குமென்று யான் நம்பவில்லை.

ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே: பிள்ளையின் கையிலிருந்து கைக்கணினியைப் பறிக்காதீர்கள். “இதன் மூலம் எது? இது யாருடையது?” என்று கேளுங்கள். விடை தெரியாவிடின் கூடவிருந்து தேடுங்கள். இலக்கணம் கற்பித்தற்கு அதனினும் நல்ல வாயில் எனக்குக் கிடைத்ததில்லை.

என் மாணாக்கன் அடுத்த கிழமை வந்தான். செந்நிற முகத்தை விட்டுவிட்டு, நீள்வட்டமும் கிண்ண வடிவமும் பழகியிருந்தான். “ஐயா, இதை வெளியிடலாமா?” என்றான். “பயிற்சி வேறு, பதிப்பு வேறு. பழகு, உன் பெயரில் வெளியிடாதே” என்றேன். அவன் முகம் வாடியது. அவன் அதை முழுதும் ஏற்றுக்கொண்டானென்று சொல்ல மாட்டேன். “நமது துடுப்பாட்ட அணிக்குச் சின்னமில்லையே, அதற்கு வரைந்து தா” என்றேன். சற்று யோசித்து, “நந்தி வரையட்டுமா?” என்றான். எந்த நந்தி என்று கேட்டேன். இணையத்திலே பல உண்டென்று தொடங்கியவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

யாழ்ப்பாணத்து அரசர் வெளியிட்ட சேது நாணயத்திலே நந்தி படுத்திருக்கின்றது. அதனை நேரிற் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கின்றான்.