வான்கோழி புரதம், உப்புக்கண்டம் தீட்டா?

எங்கள் விடுதியில் 'ஆரோக்கிய உணவு' பற்றிப் பேச வந்த நிபுணர், புகைபோட்ட வான்கோழியைக் கொழுப்பு குறைந்த புரதம் என்று புகழ்ந்தார். மாட்டு உப்புக்கண்டம் பற்றிக் கேட்டேன். முகம் சுளித்து, "அதில் உப்பு அதிகம், உடம்புக்கு ஆகாது" என்றார். வான்கோழியும் உப்பில் ஊறித்தானே புகைக்குப் போகிறது?

அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைக்காலம் தொட்டுப் பன்றிக்கறி சேர்த்து வேகவைத்த காலர்ட் கீரையில், இன்று பலர் கொழுப்பைக் குறைக்க இந்த வான்கோழியைப் போடுகிறார்கள். சட்டியைத் தூக்கி எறியாமலே உடம்பையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

அம்மா உப்புக்கண்டத்தை வெந்நீரில் இரண்டு முறை அலசி, மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைப்பார். ஆறு பேருக்கு நாலு துண்டு. உப்பைக் குறைக்க அவருக்கு எந்த நிபுணரும் சொல்லித் தரவில்லை. அடுத்த கூட்டத்தில் இந்தச் செய்முறையை நான் வாசிக்கத் தயார். மேடை தருவார்களா?