ஆபத்தும் அறிவிப்பும்

ஆனி மாதத்தில் நயினாதீவு ஸ்ரீ நாகபூசணி அம்பாள் ஆலயத்தில் மகோற்சவம் நடைபெறும் நாட்களில், குறிகட்டுவான் இறங்குதுறையில் மக்கள் வெள்ளம் அலைமோதும். அதுவோ சோளகக் காற்று வீசுங்காலம், கடல் அமைதியாயிராது. ஆயினும் பல்லாயிரம் அடியார்கள் கடல் கடந்து சென்று, வழிபட்டு, அன்னதான மடத்திற் பசியாறி, மாலையில் மீள்கின்றனர். ஆலயத்தாரும் அரச அதிகாரிகளும் படகோட்டிகளும் முன்கூட்டியே கூடி, எத்தனை படகு, எவருக்கு எந்தப் பொறுப்பு, நோயுற்றோரை எங்கே கொண்டு செல்வது என்றெல்லாம் வகுத்துக்கொள்கின்றனர். காணாமற்போன குழந்தையைப் பற்றி ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டேயிருக்கும்.

இன்பத்துக்கு இவ்வளவு ஆயத்தம் செய்யத் தெரிந்த நாம், துன்பத்துக்கு ஏன் அவ்வாறு செய்வதில்லை? இவ்வினா என்னை நெடுநாளாக உறுத்தி வருகிறது. திருவிழா நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. புயல் வரும் நாள் அதில் இல்லை என்பது ஒரு விடை. ஆனால் அது முழு விடையன்று. நாளறியாவிடினும் பருவம் அறிவோம். மார்கழிக்கு முன்னும் பின்னும் வங்கக்கடல் என்ன செய்யும் என்பது தீவகத்தாருக்குப் புதிய செய்தியன்று.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி இரவை எண்ணிப்பாருங்கள். இலங்கையின் வடபகுதியையும் தாக்கிய அந்தப் புயலிலேதான் அக்கரையில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் புகைவண்டி, தனுஷ்கோடியை அணுகும்வேளை கைகாட்டி செயலிழந்திருந்தது. போ என்றும் சொல்லவில்லை. நில் என்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் காத்திருந்த வண்டி, ஊதலை ஒலித்துவிட்டு இருளில் நகர்ந்தது. பேரலை அதனை விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்தி வராத நிலையையே ஓர் ஆபத்துச் செய்தியாகக் கொள்ளவேண்டும் என்ற விதி அங்கே வேரூன்றியிருந்தால், அவ்வண்டி ஒருவேளை நின்றிருக்கலாம்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, இதே பாடம் பேருருவில் வந்தது. சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கியபின், ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. ஹவாய்த் தீவிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் நில நடுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே அறிந்திருந்தது. ஆனால், இந்து சமுத்திர நாடுகளில் எவரிடம் சொல்வது, அவர் எவரிடம் சொல்வார் என்ற ஒழுங்கு அன்று இல்லை. அறிவு இருந்தது, அறிவு செல்லும் வழி இல்லை. இலங்கையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதே நாளில் புதுச்சேரிக் கரையில் நல்லவாடு என்னும் மீனவர் கிராமம் தப்பியது. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் ஊருக்குச் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. ஏறத்தாழ 3,600 பேர் கரையை விட்டு விலகி உயிர் பிழைத்தனர். ஒரு தொலைபேசி அழைப்பு ஊரைக் காத்தது என்று இக்கதையைச் சொல்வார்கள். எனக்கோ அந்த ஒலிபெருக்கியே முதன்மையாகத் தோன்றுகிறது. அது ஆபத்துக்கென்று பெட்டியில் பூட்டிவைக்கப்பட்ட கருவியன்று. கடலின் நிலைபற்றி அன்றாடம் ஊருக்கு அறிவித்து வந்த குரல். பழகிய குரலாதலின், “ஓடுங்கள்” என்றபோது மக்கள் ஓடினர். நம்பிக்கையை ஆபத்து நேரத்தில் உண்டாக்க முடியாது. முன்பே ஈட்டிவைத்திருத்தல் வேண்டும்.

பேரழிவின்பின் 2005ஆம் ஆண்டில் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. அதற்கென ஒரு நிலையமும் அமைந்தது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திரா அருகே மீண்டும் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மக்கள் கரையை விட்டு அகன்றனர். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோமே என்று முணுமுணுத்தவரும் இருந்திருப்பர். அவர்களிடம் எச்சரித்தவர் பேசவேண்டிய பேச்சு ஒன்றுண்டு: ஏன் எச்சரித்தோம், ஏன் விலக்கினோம், அடுத்த முறையும் ஏன் ஓடவேண்டும் என்பன. அப்பேச்சு நிகழாவிடின் மறுமுறை மக்கள் அசையார்.

அமைப்பு இருந்தாற் போதுமா? 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைச் சிதைத்தது. வெள்ளத்தாலும் மலைச்சரிவாலும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அவசர அறிவிப்புகள் தமிழில் காலந்தாழ்த்தியே வந்தன, சில வரவேயில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளுள் ஒன்று. மொழியுரிமையைப் பாராளுமன்றப் பேச்சுகளிலும் மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். மலையடிவாரத்து லயத்தில் உறங்கும் தொழிலாளிக்கோ அவ்வுரிமை இரவு பத்து மணிக்கு வந்து சேரவேண்டிய இரண்டு வாக்கியம். விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை, தனுஷ்கோடியின் கைகாட்டியைப் போன்றதே.

நயினாதீவை மீண்டும் நினைக்கிறேன். சுற்றிலும் கடல், வெளியேறும் வழி படகு ஒன்றே. புயல் வந்தபின் இங்கு உதவி வந்து சேராது. ஆகவே, வருமுன்னர் ஊரே தன்னை ஆயத்தப்படுத்த வேண்டும். அதற்கு வேண்டிய உறுப்புகள் ஊரில் இல்லாமலில்லை. கோயிலுக்கும் விகாரைக்கும் ஒலிபெருக்கி உண்டு; பாடசாலைக் கட்டடம் உண்டு; கடலறிந்த படகோட்டிகள் உண்டு. அவற்றை இணைக்கும் ஒழுங்கே வேண்டும். அறிவிப்பவர் யார், அவர் இல்லாதபோது யார், மின்சாரம் அற்றால் மணியை எப்படி ஒலிப்பது, முதியோரை எவர் தாங்கிச் செல்வது என்பன முன்கூட்டியே எழுதப்பட்டு, ஆண்டுக்கொருமுறையேனும் ஒத்திகை பார்க்கப்பட வேண்டும். அறிவிப்பு தமிழிலும், அங்கு வரும் பௌத்த யாத்திரிகருக்காகச் சிங்களத்திலும் ஒருங்கே ஒலிக்க வேண்டும்.

தெரிந்ததை உடனே சொல்லுதல். தெரியாததைத் தெரியாதென்றே சொல்லுதல். அடுத்த செய்தி எப்போது வரும் என்று சொல்லி, அந்நேரத்திற் சொல்லுதல். அரசாயினும் ஆலயமாயினும் ஆபத்துக் காலத்தில் ஓர் அமைப்பின் வாய்மை இம்மூன்றினாலேயே அளக்கப்படும். ஆசிரியர்கள் இதனை மாணவருக்கு உரைப்பாராக. கொடியேற்றத்துக்கு நாட் குறிப்பதுபோல, வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒத்திகைக்கும் ஒரு நாட் குறித்தல் நம் ஊர்களுக்கு இயலாத காரியமன்று.