வனம் காக்கும் தலைவர்கள்

வனத்தைக் காப்பது அரசுக்கு மட்டுமே உரிய கடமையன்று.

தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், 1977இல் தோன்றிய சஹாபாட் ஆலாம் மலேசியா என்னும் இயற்கைத் தோழர் இயக்கத்தை, 2019இல் மறையும்வரை பல்லாண்டுகள் வழிநடத்தினார். பின்னர் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் தலைமையேற்றார்.

அண்டையிலுள்ள சிலாங்கூரில், கோல லங்காட் வடக்கு வனத்தின் சுமார் 930 ஹெக்டர் நிலத்திற்குரிய பாதுகாப்பை நீக்க 2020இல் மாநில அரசு முனைந்தது. அது சதுப்பு வனம். நீர் வடிந்தால் நிலமே தீப்பற்றும். புகை செந்தூல்வரை பரவும். தெமுவான் பழங்குடியினரும், இவ்வியக்கம் உள்ளிட்ட பல அமைப்புகளும் எதிர்த்தனர். 2021இல் ஒரு பகுதி நீக்கப்பட்டபோதும், எதிர்ப்பு வலுக்கவே, செப்டம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது.

தலைவர்கள் சிலரே, ஆட்சேபக் கடிதம் எழுதிய கைகளோ பல. பெற்றோரே, தோட்டத் தோழர்களே! வனம் அழியும் செய்தி கேட்டால் வாளாவிருத்தல் தகாது, நாமும் எழுதுவோம்.