மூச்சும் முறைப்பாடும்: ஹோர்சன்ஸ் தமிழரின் கோரிக்கைச் சாசனம்

ஹோர்சன்ஸ் கொமூனுக்கும் (நகராட்சிக்கும்), மத்திய யூலன்ட் பிராந்திய நிர்வாகத்துக்கும், எங்கள் தமிழ்ச் சங்கங்களுக்கும்.

1983 இலங்கைக் கலவரத்தோடு நாங்கள் டென்மார்க் வரத் தொடங்கினோம். 1987இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் எங்கள் மனைவி பிள்ளைகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டார். அந்த விவகாரத்தால் 1993 சனவரியில் பிரதமர் பௌல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் அந்த முன்னாள் அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. பிரிந்திருந்த வருடங்களுக்கு வைத்தியம் வேண்டுமென்று அப்போது யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் அரசின் கணக்கில் இன்னும் ‘மேற்கு நாடு சாராத’ வழித்தோன்றல்கள். 2018இன் சட்டம் அந்தக் கணக்கையும் வைத்துக் குடியிருப்புகளைத் தரம் பிரித்தது. எங்கள் நகரத்துச் சுண்ட்பார்க்கன் குடியிருப்பும் அந்தக் ‘கெட்டோ’ப் பட்டியலில் ஏறியது.

இதனால் மனம் நொந்து போனால் மைண்ட்ஃபுல்னஸ் (மனக்கவனப் பயிற்சி) வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். நல்லது, வருகிறோம். ஆனால் வாயை மூடவைக்கும் மருந்தாக அதைத் தரவேண்டாம். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் மூச்சைக் கவனிக்கக் கற்பித்துக்கொண்டே வியட்நாம் போரை எதிர்த்தவர். 1966இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்ததும் அதற்காகத்தான். 1898இல் தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதும் சாதிக்கு எதிராகத்தான்.

பயிற்சி வகுப்பறையில் புத்தர் சிலை வேண்டாம். இங்கே பூச்செடிக் கடையில் சாடிகளுக்கு நடுவே புத்தர் தலை விற்கிறது. வாங்குகிறவருக்கு அது அமைதி. எங்களில் பலருக்கோ அது ஊரில் இராணுவ முகாம் வாசலில், அரசமரத்தடியில் இருந்த சிலை. அடையாள அட்டையை நீட்டியபடி அதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறோம். புத்தரோடு எங்களுக்குப் பகையில்லை. பௌத்தம் பேசும் மணிமேகலை எங்கள் காப்பியம், கந்தரோடைப் பௌத்தத் தூபிகள் எங்கள் மண்ணில் இருப்பவை. கண்ணை மூடும்படியும் வற்புறுத்தக் கூடாது. ஷெல்லடிக்குள் வாழ்ந்தவர், கண் திறந்தபடி, கதவு தெரியும் இடத்தில், பாதத்தைத் தரையில் ஊன்றி இருந்தும் பயிற்சி செய்யலாம்.

பயிற்சி தமிழில் வேண்டும். ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தின் மைண்ட்ஃபுல்னஸ் மையம் பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழ் பேசும் பயிற்றுநர்களை உருவாக்கும் செலவைக் கொமூன் ஏற்க வேண்டும். 2018 யூலை 1 முதல், மூன்று வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்தவர் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்தால் காசு கட்ட வேண்டும். அதை நீக்கும்படி பிராந்தியம் பாராளுமன்றத்திடம் கேட்கட்டும். மொழிபெயர்க்கப் பேரனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு எந்த அம்மம்மா தன் பயங்களைச் சொல்வார்?

உளவியலாளரிடம் 60 வீத மானியத்தோடு போவதற்கான காரணப் பட்டியலில் இனவாதத் தாக்குதலையும் சேர்க்க வேண்டும்.

பள்ளியிலோ வேலையிடத்திலோ பாகுபாடு பற்றி ஒருவர் முறையிட்டால், விசாரணை முதலில், மூச்சுப் பயிற்சி பிறகு. சமத்துவ முறைப்பாட்டுச் சபைக்கு விண்ணப்பம் நிரப்ப உதவும் ஆள் ஒருவரைக் கொமூன் நியமிக்கட்டும்.

சங்கங்களுக்கும் ஒன்று: கலியாணப் பேச்சில் ஊரைக் கேட்டுச் சாதியைத் துருவுகிறவர்களை மேடையேற்றாதீர்கள். அந்தக் காயம் டெனிஷ்காரர் தந்ததல்ல.

பதிலை டெனிஷிலும் தமிழிலும் எழுத்தில் தாருங்கள். பேச அழைத்தால், பகல் வேலை முடிந்த மாலையில், எவரும் வந்து கேட்கக்கூடிய பொதுக்கூட்டமாக அழையுங்கள்.