பழகுவதற்குப் பழைய கார் போதுமா?

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு இருசக்கர வாகனம் வாங்கித் தருவது தமிழகத்தின் ஊரகக் குடும்பங்களில் நீண்ட நாள் வழக்கம். வசதி சற்றே கூடிய வீடுகளில் இப்போது அந்த இடத்துக்குக் கார் வந்துகொண்டிருக்கிறது. திண்டுக்கல் - நத்தம் சாலையில் உள்ள சாணார்பட்டியும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் மேற்படிப்பு, மருத்துவம், வேலை என எல்லாவற்றுக்கும் திண்டுக்கல்லை நம்பியிருப்பவை. இத்தகைய ஊர்களில் மகனோ மகளோ பதினெட்டு வயதில் ஓட்டுநர் உரிமம் பெற்றதும் வீட்டில் எழும் முதல் பேச்சு, 'பழகுவதற்குத்தானே, பழைய கார் ஒன்று போதும்' என்பதுதான்.

இதில் சிக்கனம் சார்ந்த நியாயம் உண்டு. புதிதாக ஓட்டுபவர் சுவரில் உரசுவார், கிளட்சைத் தேய்ப்பார். புதிய வண்டியை ஏன் பாழாக்க வேண்டும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆனால், அனுபவம் மிகக் குறைந்த ஓட்டுநரிடம் பாதுகாப்பு மிகக் குறைந்த வண்டியை ஒப்படைப்பதே இதன் விளைவு. கீறலுக்கு அஞ்சி எடுக்கும் முடிவில் உயிர் கணக்கில் வராமல் போகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 உடன் தமிழகம் முதலிடத்திலும், 17,884 உயிரிழப்புகளுடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்திலும் இருந்தது. நாடு முழுவதும் உயிரிழந்தவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஆகவே, இருசக்கர வாகனத்திலிருந்து காருக்கு மாறுவதே ஓரளவு பாதுகாப்புதான். எந்தக் கார் என்பதைப் பொறுத்தே அந்தப் பாதுகாப்பு முழுமை பெறும்.

2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்பனையான ஐந்து சிறிய கார்களின் அடிப்படை வகைகளை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஐந்தும் பெற்றவை பூஜ்ய நட்சத்திரம். அவற்றில் மூன்று கார்களின் உடற்கூடு, காற்றுப்பை பொருத்தினாலும் பெரிய பயன் விளையாத அளவுக்கு வலுவிழந்திருந்தது. உடற்கூடு உறுதியாக இருந்த ஃபோக்ஸ்வேகன் போலோவோ, இரண்டு காற்றுப்பைகளுடன் மீண்டும் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரம் பெற்றது. பயணிகள் அமரும் கூடு நசுங்காமல் இருந்தால்தான் காற்றுப்பையும் சீட் பெல்ட்டும் தம் வேலையைச் செய்ய முடியும் என்பதே அந்தச் சோதனை உணர்த்திய பாடம். காற்றுப்பைகளின் எண்ணிக்கையை மட்டும் முன்வைக்கும் இன்றைய விளம்பரங்களைப் பார்க்கும்போதும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அதன் பிறகு சட்டம் படிப்படியாக மாறியது. முன்பக்க மோதல் சோதனை புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரிலும் கட்டாயமானது. திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை, சீட் பெல்ட் நினைவூட்டி, வேக எச்சரிக்கை ஆகியவை 2019 ஜூலையிலும் எல்லா கார்களுக்கும் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2022 தொடக்கத்திலிருந்து எல்லா புதிய கார்களிலும் உள்ளது.

எனவே, பழைய கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தி மாதமும் ஆண்டும். 2019 அக்டோபருக்கு முந்தைய காரை இளம் ஓட்டுநருக்காக வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. 2022-க்குப் பிந்தையது கிடைத்தால் மேலும் நன்று. வீட்டில் இரண்டு கார்கள் இருந்தால், புதியதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பழையதை அனுபவமுள்ள தந்தையோ தாயோ ஓட்டுவதே அறிவார்ந்த ஏற்பாடு.

அடுத்து, நட்சத்திர மதிப்பீடு. 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் திட்டத்திலும், அதற்கு முன் குளோபல் என்கேப் சோதனைகளிலும் பல இந்திய கார்கள் மதிப்பிடப்பட்டுள்ளன. 2018 இறுதியில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு ஆனது. 2024-இல் மாருதி டிசையரும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அந்த நிலையை எட்டியது. ஒரே பெயரில் வந்த பழைய தலைமுறை காருக்கு அந்த மதிப்பீடு பொருந்தாது என்பதால், எந்த ஆண்டின் எந்த வகை சோதிக்கப்பட்டது என்று பார்ப்பது அவசியம்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம், பதின்வயது ஓட்டுநர்களுக்கு ஏற்ற பழைய கார்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதிகத் திறன் கொண்ட இன்ஜினைத் தவிர்க்க வேண்டும், மிகச் சிறிய காரைத் தவிர்க்க வேண்டும், வண்டி நிலைதவறிச் சறுக்குவதைத் தடுக்கும் இஎஸ்சி கட்டாயம் இருக்க வேண்டும் என்பவை அதன் அளவுகோல்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைச் சாலையை அருகில் வைத்திருக்கும் சாணார்பட்டி இளைஞர்களுக்கு, மழை நாளில் இஎஸ்சியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. காரின் விலையைக் கூட்டும் சன்ரூஃபைவிடவும் பெரிய திரையைவிடவும் இதற்குச் செலவிடும் பணம் பயனுள்ளது.

பழைய காரில் வேறு சில சோதனைகளும் தேவை. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டாலும், எரியவே இல்லாவிட்டாலும் அந்த வண்டியை ஒதுக்கிவிடலாம். விபத்தில் விரிந்த காற்றுப்பை மாற்றப்படாமலே விற்பனைக்கு வந்திருக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு உற்பத்தி வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். பட்டன் தேயாமலேயே டயர் முதுமை அடைந்திருக்கலாம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர், வண்டியைத் தூக்கி அடிச்சட்டத்தில் வெல்டிங் தழும்புகள் உள்ளனவா என்று பார்ப்பது நல்லது.

வண்டி எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும் பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் கொடுப்பது குற்றம். 2024 மே மாதம் புணேயில் 17 வயது சிறுவர் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசு கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு, இத்தகைய வழக்கில் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கிறது. வாகனப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தச் சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

பதினெட்டைக் கடந்தவர் விஷயத்தில்தான் சட்டம் மெளனமாக இருக்கிறது. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழித்துத் தேர்வில் தேறினால், மறுநாளே நள்ளிரவில் நண்பர்கள் நால்வருடன் நான்குவழிச் சாலையில் செல்ல எந்தத் தடையும் இல்லை. பல மேலைநாடுகளில் புதிய ஓட்டுநர்களுக்கு இரவுப் பயணத்திலும் உடன் வருவோர் எண்ணிக்கையிலும் சில மாதங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அது இங்கே சட்டமாகும் வரை வீட்டு விதியாக இருக்கட்டும். முதல் ஆறு மாதங்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, நண்பர் குழுவுடன் செல்வதில்லை, பின்னிருக்கையில் இருப்பவரும் சீட் பெல்ட் அணியாமல் வண்டி புறப்படுவதில்லை என்று பெற்றோர் முன்கூட்டியே நிபந்தனை விதிக்கலாம். 2022-இல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தது, பின்னிருக்கையில் சீட் பெல்ட் அணியாத நிலையில்தான்.

அரசு செய்ய வேண்டியவையும் உள்ளன. பாரத் என்கேப் இன்னும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. அதைக் கட்டாயமாக்க வேண்டும். பழைய கார் விற்பனையாளர்கள் உற்பத்தி ஆண்டு, நட்சத்திர மதிப்பீடு, காற்றுப்பைகளின் நிலை ஆகியவற்றை எழுத்துபூர்வமாக வாங்குபவருக்குத் தரவேண்டும் என்று விதிக்கலாம். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டபோது, நட்சத்திர மதிப்பீட்டையும் அதனுடன் இணைத்திருந்தால் பாதுகாப்பான கார்களுக்குப் பெரும் ஊக்கமாக அமைந்திருக்கும்.

கல்லூரி நேரத்துக்கு ஏற்பப் போதிய பேருந்துகள் இயங்கினால், பதினெட்டு வயதில் கார் வாங்கும் தேவையே பல குடும்பங்களுக்கு எழாது. அந்த வசதி இல்லாத ஊர்களில் கார் தவிர்க்க முடியாததாகும்போது, 'எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?' என்ற கேள்விக்கு முன்பாக, 'மோதினால் என் பிள்ளையைக் காக்குமா?' என்று பெற்றோர் கேட்கட்டும்.