வாய்க்கால் கசிவை எங்கே தடுப்பது?

1955-ஆம் வருஷத்தில் கட்டி முடிந்த பவானிசாகர் அணையினின்று புறப்படும் கீழ்பவானி வாய்க்கால், பெரும்பாலும் மண் கரைகளுக்கிடையே சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் ஜில்லாக்களில் ஏறக்குறைய 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டுக்கு முறை மாற்றிப் பாசனமளித்து வருகிறது. இதற்குக் கான்கிரீட் இடும் திட்டம் எழுந்தபோது குடியானவர்கள் இரு பிரிவாயினர். தண்ணீர் தங்கள் மதகை எட்டவில்லையென்று கடைமடைக்காரரும், கசிவு நின்றால் கிணறுகள் வற்றிவிடுமென்று மற்றையோரும் முறையிட்டனர்.

இரண்டு முறையீடும் நியாயமே. கசிந்த ஜலம் முழுவதையும் நஷ்டமென்று கணக்கெழுதுவது கிணற்றுப் பாசனத்தை அறியாதார் செய்கை. எனினும், கசிவனைத்தும் கிணற்றையே சேருகிறதென்பதும் மெய்யன்று. தரையை வெட்டி இறக்கிய பகுதியில் கசியும் நீர் பெரும்பாலும் நிலத்தடியில் இறங்கும். உயர்த்திய கரையின்மேல் வாய்க்கால் செல்லுமிடத்திலோ அது கரையை இளக்கி, கீழ்ப்புறத்து நிலத்தைச் சதுப்பாக்கி, உவராக்கவுங்கூடும். இவ்விரண்டு இடங்களையும் ஒன்றாகப் பாவித்துப் பூச்சிடுவது தகாது.

பிரதான வாய்க்காலைப் பற்றிய இவ்வழக்கில் கொப்பு வாய்க்கால் மறக்கப்பட்டுவிட்டது. முறை வரும்போதெல்லாம், காய்ந்து வெடித்த கொப்பு தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகே வயலுக்கு நீர் விடுகிறது. எலி வளையும் நண்டு வளையும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். (இரவில் வெட்டப்படும் உடைப்பைப் பற்றி இங்கே சொல்லவேண்டுவதில்லை.) இவற்றினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. ஒரு கொப்பில் நிறைய விடவேண்டிய நீரை, அதே சரிவும் வடிவுமுள்ள இரண்டு கொப்புகளில் பாதிப்பாதியாகப் பிரித்துவிட்டால், நீர் தொடும் மண்பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. கசிவும் அதற்கேற்பப் பெருகுகிறது. எல்லோருக்கும் ஒரே வேளையில் சிறிது சிறிதாக விடும் தயாளமே கடைசி வயலைக் காயவைக்கிறது. ஏக்கருக்கு இத்தனை நாழிகையென்று வரையறுத்து, ஒரு கொப்பு முடிந்தபின் மறு கொப்பென்று விடுவதற்குச் சிமெண்டு வேண்டாம். ஊராரின் இசைவு போதும். அவ்விசைவுதான் சிமெண்டைவிட அருமையாயிருக்கிறது.

மணற்பாங்கான இடங்களில் கொப்புக்குக் கற்கட்டோ, நிலத்தடிக் குழாயோ இடுவது தகும். குழாயில் அழுத்தம் ஏற ஏற மூட்டுக்களில் கசிவும் ஏறுமாதலால், சரிவு மிகுந்த நிலத்தில் நடுவே திறந்த தொட்டியொன்று கட்டி, அழுத்தத்தைத் தணித்தல் வேண்டும். இச்செலவுகளில் இறங்குமுன், கொப்பின் தலையிலும் கடையிலும் ஒரே நாளில் நீரை அளந்து பார்ப்பது அவசியம். அடுத்த முறைத் தண்ணீர் திறந்தவுடன் கிராம அதிகாரிகள் இவ்வளவை மதகுதோறும் எடுத்துப் பாசனதாரர் கூட்டத்தின் முன் வைக்கலாம்.