மலை அழைக்கிறது, கேட்டுவிட்டுப் போவோம்
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வாசுதேவநல்லூரில் பிறந்தவனுக்குத் திசை சொல்லித்தர ஆசிரியர் தேவையில்லை. மலை இருக்கும் பக்கம் மேற்கு. மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஒவ்வோர் ஊரிலும் பேருந்து நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும் நிற்காமல் நம் கூடவே வருகிறது. ஆயினும் அன்றாடம் கண்ணாற் காணும் அம்மலையில் கால் வைத்தவர் நம் வகுப்பில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணி விடலாம். எங்கிருந்தோ வரும் நகரத்து இளைஞர்கள் வேனிலேயே படுத்துறங்கி, கியர் வைத்த சைக்கிளில் மேடேறி, மலைப்பாதையில் ஓடி மகிழ்கிறார்கள். நாமோ பேருந்துச் சன்னல் வழியே பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

இந்த ஏக்கத்தோடுதான் சென்ற விடுமுறையில் நண்பர்கள் ஐவர் கிளம்பினோம். நண்பன் ஒருவனின் சித்தப்பா தம் வேனைக் கொடுத்தார். மூன்று மலைச் சைக்கிள்களை இரவல் வாங்கி மேலே கட்டினோம். காட்டுக்குள் வேனை நிறுத்தித் தூங்குவது, விடிந்ததும் இருவர் ஓடுவது, மூவர் சைக்கிள் மிதிப்பது என்பது எங்கள் திட்டம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை என்பதுதான் உண்மை. நம் ஊர் மலைக்கு நாம் போக அனுமதி எதற்கு?

சோதனைச் சாவடியில் காவலர் வண்டியைத் திருப்பி அனுப்பினார். எங்களுக்கு வந்த கோபத்திற்கு அளவில்லை. வேறு வழியின்றி, உறவினர் ஒருவரின் எலுமிச்சைத் தோப்பில் இரவைக் கழிக்கச் சென்றோம். அங்கே காவலிருந்த தாத்தா வேனைச் சுற்றி வந்தார். "எய்யா, வண்டிக்குள்ள பழம் எதுவும் வச்சிருக்கீயளா?" என்று கேட்டார். ஒரு தார் வாழைப்பழம் இருந்தது. "அத முதல்ல எடுத்து அந்தக் கட்டடத்துக்குள்ள வையுங்க. வாசம் பிடிச்சு ஆனை வந்தா, வண்டிக் கதவத் தட்டிக்கிட்டு நிக்காது" என்றார். நாங்கள் சிரித்தோம். காலையில் அடுத்த தோட்டத்தில் முறிந்து கிடந்த வாழைகளையும், ஈர மண்ணில் பதிந்திருந்த காலடிகளையும் அவர் காட்டியபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. காவலர் மேல் இருந்த கோபமும் அந்தக் காலடிகளைக் கண்டதும் போன இடம் தெரியவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது முதுமொழி. மலைக்கும் ஓர் ஆழம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நிகழ்ந்ததை யார் மறக்க முடியும்? சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேற வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மார்ச் மாதத்தில் மலைச் சரிவின் புல் காய்ந்து சருகாகியிருக்கும். சரிவில் மேல் நோக்கி ஏறும் தீ, மனிதன் ஓடுவதை விட விரைவாக ஏறும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அடிவாரத்தில் நிற்பவனுக்கு வானம் வெளுத்திருக்கலாம். மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் அருவியாக இறங்கிவிடும். 2022 நவம்பரில் கடையம் அருகே கரடி தாக்கியதில் மூவர் படுகாயமடைந்தனர். இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் அல்ல. நம் மலைத்தொடரில் நடந்தவை.

அப்படியானால் மலையே வேண்டாமா? கதவைப் பூட்டிவிட்டால் போதுமா? அதுவும் சரியன்று என்பதே என் கருத்து. இளைஞனின் ஆசைக்குப் பூட்டுப் போட்டால் அவன் பின்வாசலைத் தேடுவான். பின்வாசல் வழியே போனவன் காணாமற் போனால், அவன் போனது கூட யாருக்கும் தெரியாது. தேடுவோர் எங்கே தேடுவர்?

இவ்விடத்தில் மலைச் சைக்கிளின் வரலாறு நமக்கு நல்ல பாடம். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பையஸ் என்ற மலைச் சரிவில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை உருட்டி விளையாடினார்கள். அங்கே பிறந்ததுதான் இவ்விளையாட்டு. வழக்கம்போல எதிர்ப்பும் எழுந்தது. நடந்து செல்வோரும் குதிரையில் செல்வோரும் முறையிட்டனர். பாதைகள் பல சைக்கிளுக்கு மூடப்பட்டன. அவ்விளைஞர்கள் சண்டையோடு நின்றுவிடவில்லை. 1988-இல் சைக்கிள் கழகங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தன. திறந்த பாதையில் மட்டுமே செல்வது, நடப்பவர்க்கு வழிவிடுவது, விலங்கை மிரட்டாமலிருப்பது எனத் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டன. பழுதான பாதைகளைச் செப்பனிடவும் மண்வெட்டி எடுத்தன. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டு இடம் பெற்றது. அதைக் காப்பாற்றியதில் ஒழுங்குக்குப் பெரும் பங்குண்டு என்பது என் துணிபு.

நம் மாநிலத்திலும் வழி திறந்துதான் இருக்கிறது. குரங்கணிக்குப் பின் 2018-இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை அரசு அறிவித்தது. முன்பதிவு செய்து, உள்ளூர் மலைமக்கள் வழிகாட்டப் போகலாம். ஆனால் அவை நடப்பதற்கான பாதைகள். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் நாம் அடிவாரத்திலிருந்தே தொடங்க வேண்டும். அதில் குறைவொன்றுமில்லை. மறுநாள் காலை நாங்கள் தோப்பிலிருந்து குளத்தங்கரை வழியே மிதித்தோம். கரைமேட்டில் ஏறியபோது மூச்சு முட்டியது. சரளைக்கல்லில் இறங்கியபோது, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்த நண்பன் தலைகுப்புற விழுந்து முழங்கையைச் சிராய்த்துக் கொண்டான். ஓடியவர்களோ, வரப்பிலும் கல்லிலும் எட்டு அடி தள்ளிப் பார்வையை வைத்து, சிறு சிறு அடியாக ஓடக் கற்றுக்கொண்டார்கள். இதைக் கூடச் செம்மையாகச் செய்யத் தெரியாத நாங்களா காட்டுக்குள் செல்லப் புறப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

ஆகவே நம் கல்லூரி நிர்வாகத்திற்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்துகிறோம். விளையாட்டு விழா நடத்துகிறோம். மலைப்பாதைக் கழகம் ஒன்றையும் தொடங்குவோம். புறப்படுவோர் பெயரும், செல்லும் பாதையும், திரும்பும் நேரமும் எழுதிய ஏடு ஒன்று உடற்கல்வித் துறையில் இருக்கட்டும். காட்டெல்லைக்குள் செல்வதாயின் வனத்துறைக்கு முன்கூட்டியே கடிதம் போகட்டும். கோடையின் தீக்காலத்தில் மலையைத் தொடாதிருப்போம். பொழுது நன்றாகப் புலர்ந்த பிறகே ஓடுவோம். காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு ஓடுபவனுக்கு யானை கிளை ஒடிக்கும் ஓசை கேட்காது. வேனை ஓடை மணலில் நிறுத்தோம். மூடிய வேனுக்குள் அடுப்பு மூட்டோம். அதன் நச்சுப் புகை உறங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். மழை பெய்த சேற்றுப் பாதையில் சைக்கிள் விடோம். அந்தச் சக்கரத் தடமே அடுத்த மழையில் வாய்க்காலாகி மண்ணை அரித்துவிடும்.

இவ்வளவு கட்டுப்பாடா என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். காற்பந்தாட்டத்திற்குக் கோடு போடுகிறோம். கோடு இருப்பதால் ஆட்டம் கெடுவதில்லை. கோடு இருப்பதால்தான் அது ஆட்டம்.

நண்பர்களே! மலை நம்முடையது என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதில் குடியிருப்போர் வேறு உளர். அடுத்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே நுழைகிறோம்? எங்களைத் திருப்பி அனுப்பிய காவலருக்கு அன்று நன்றி சொல்லத் தவறினேன். அந்த நன்றியை இம்மலரின் வாயிலாகச் சொல்லிக்கொள்கிறேன்.